நண்டுகள் திரும்பிய வருஷம்

முடிச்சூரை வெள்ளம் மூழ்கடித்த 2015-இல் சுபத்ரா வீட்டிலிருந்து நண்டுகள் தெருவில் மிதந்து வந்தன. உயிர் நண்டுகள் இல்லை. ஸ்பிரிட் ஊற்றி, மூடியை இறுக்கி, பெயர் எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்களில் அவள் பல வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த நண்டுகள். மாடிப்படியில் படகுக்காகக் காத்து நின்ற எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி, யாருடைய நெய் டப்பாவோ போகிறதென்று குடைக்கம்பியால் ஒன்றை இழுத்துப் பிடித்துவிட்டார். கிட்டே கொண்டுவந்து பார்த்தால் உள்ளே பத்துக் காலோடு ஒன்று அவரையே முறைத்துக்கொண்டிருக்கிறது. மாமி போட்ட கூச்சலில் அடுத்த தெருவில் இருந்த மீட்புப் படகு இந்தப் பக்கம் திரும்பியதாம். ஆசாரமான மனுஷி, பாவம், தண்ணீர் வடிந்ததும் தீட்டுக் கழிய வீட்டுக்குப் புண்யாகவாசனம் செய்தார்.

சுபத்ரா அவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. "மாமி, விட்டுடாதேங்கோ! அது கெடைக்கிறதே அபூர்வம்!" என்று தன் மொட்டைமாடியிலிருந்து கத்தினாள். வீட்டில் பீரோ போயிருந்தது, ஃபிரிட்ஜ் போயிருந்தது, கல்யாணப் புடவைகள் போயிருந்தன. அவள் கேட்டது அந்த ஒரு டப்பாவை.

இதை எழுதும் என் பெயர் தபீதாள். தாம்பரத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் அவள் விலங்கியல், நான் இயற்பியல். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே என் தலைவிதி அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று போய், முட்டுக்காட்டுக்குத் தெற்கே நடுமேட்டுக்குப்பம் என்ற சின்ன ஊரின் உப்பங்கழிக் கரையில் இறக்கிவிட வேண்டும். அவள் சேற்றில் இறங்கி நண்டு எண்ணுவாள். நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்துவேன். பல பேருக்கு நான் தாராளமாக மார்க் போட்டதற்கு அந்த வெயில்தான் காரணம்.

அவள் கணவர் யக்ஞநாராயணன் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. சேறும் சகதியுமாக மனைவி வந்து நிற்கும்போது, "கொல்லைக் குழாயடியிலேயே குளிச்சுட்டு உள்ள வா சுபா" என்பார். அவள் துணிக்கென்று தனியாக ஒரு சிவப்பு வாளி வாங்கி, அதன்மேல் பெயின்டால் ‘நண்டு’ என்று எழுதியும் வைத்தார். அந்த மனிதரை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அவள் கழிக்குப் போகும் ஞாயிறுகளில் விடிகாலையில் எழுந்து தயிர்சாதம் பிசைந்து, எனக்கும் சேர்த்து டப்பா கட்டிக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு மட்டும் ஊறுகாய் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

நண்டை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நானும் ஆரம்பத்தில் கேட்டவள்தான். கழியோரத்து அலையாத்தி மரங்களைப் பார்த்து அந்தக் காடு சுகமாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது என்பாள் சுபத்ரா. வேர் கெட ஆரம்பித்த பிறகும் மரம் ரொம்ப நாள் பச்சையாகவே நிற்கும். நண்டு அப்படியில்லை, சேற்றுக்குள்ளேயே குடியிருக்கிறது. உதிர்ந்த இலையை வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தின்கிறது. தோண்டித் தோண்டிச் சேற்றுக்குள் காற்றையும் அலைத்தண்ணீரையும் விடுகிறது. சாக்கடை சேர்ந்து சேறு கறுத்துப்போனால் முதலில் காணாமல் போவது அதுதான். அதனால் காட்டுக்கு நாடி பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் நண்டைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு முறை இருந்தது. பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றின்மேல் வைத்து, அதற்குள் இருக்கும் வளைகளை எண்ணுவாள். அத்தோடு விடமாட்டாள். வளை இருப்பதாலேயே உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லையாம். பக்கத்திலேயே அசையாமல் உட்கார்ந்து, பயம் தெளிந்து அவை வெளியே வரும்வரை காத்திருப்பாள். ஸ்டாஃப் ரூமில் இரண்டு நிமிஷம் வாய் மூடாதவள் அங்கே மூச்சு விடுகிறாளா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கை மட்டும் பெரிதாக இருந்து அதை ஆட்டிக்கொண்டே இருக்கும் சின்ன நண்டு, இலை தின்னும் சிவப்புக் கொடுக்கு நண்டு, இவைதாம் அவள் எண்ணியவை. இரண்டையும் யாரும் சாப்பிட மாட்டார்கள். இதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை.

சாப்பிடுகிற நண்டு வேறு. அது பெரிய சேற்று நண்டு. அதைப் பிடித்துப் பிழைத்தவள் ரேணுகாம்பாள்.

நடுமேட்டுக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஆண்களுக்கு, கழி பெண்களுக்கு. பெண்கள் படகில் ஏற மாட்டார்கள், ஆண்கள் நண்டுக்காகச் சேற்றில் இறங்க மாட்டார்கள். இறங்கினால் ஊரே கேலி பேசும். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத வீட்டுப் பெண்ணுக்குக் கழியில் நல்ல வளைகள் உள்ள வளைவாகப் பார்த்து மற்றப் பெண்கள் விட்டுக்கொடுத்துத் தள்ளிப் போய்விடுவார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. ரேணுகாம்பாளின் புருஷன் மாணிக்கவேல் அப்படிப் போனவர். அவளுக்கு வந்த வளைவில்தான் சுபத்ராவும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினாள்.

முதல் நாளே தொடை வரைக்கும் புதைந்துவிட்டாள். காலை இழுக்க இழுக்க இன்னும் போகிறது. நான் கரையில் நின்று கர்த்தரையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். மரங்களுக்கு நடுவிலிருந்து ரேணுகாம்பாள் வந்தாள். கையில் முனை வளைந்த நண்டுக் கம்பி, இடுப்பில் ஓலையில் முடைந்த பை. அதைப் பறி என்பார்கள். சுபத்ராவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"இன்னா டீச்சர், ஒத்தக் காலு மேலயே அம்மாம் பாரத்தையும் போட்டுக்கினு கீற? குந்து. அப்டியே குந்திக்கினு நகரு. என் கையப் புடி."

"நான் டீச்சர்னு எப்படித் தெரிஞ்சுது?"

"சேத்துக்கு இஸ்திரிப் பொடவ கட்டிக்கினு வேற யாரு வருவா?"

அந்தக் கையைப் பிடித்து வெளியே வந்தவள்தான். அதற்குப் பிறகு சுபத்ரா இறங்கும்போதெல்லாம் ரேணுகாம்பாள் எங்கேயாவது எட்டும் தூரத்தில் இருந்தாள். ‘டீச்சர்’ என்பாள், ‘நீ’ என்பாள். சுபத்ரா அவளை ‘அக்கா’ என்பாள். அவள் வீட்டில் இவள் காபி குடிப்பாள். எந்தப் பாத்திரத்தில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டதில்லை. முடிச்சூரில் அபிதகுஜாம்பாள் மாமிக்கு இது தெரிந்திருந்தால் இன்னொரு புண்யாகவாசனம் ஆகியிருக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நண்டு குறையும் வரைக்கும்.

முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. மேலே புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளின் சாக்கடை கால்வாய் வழியாக இறங்கியது. போதாததற்கு டாங்கர் லாரிகள் வேறு சந்தடி இல்லாமல் பின்னால் வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போயின. சேறு மை மாதிரி கறுத்தது. மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம். சுபத்ராவின் சட்டத்துக்குள் வளைகள் இருந்தன, ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் வெளியே வரவில்லை. மாடி கட்டுகிறவர்கள் இரும்புத் தூணை இடித்து இடித்து இறக்குகிற அதிர்வில் நண்டுகள் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டன என்று ரேணுகாம்பாள் உறுதியாக நம்பினாள். சுபத்ரா காரணத்தை எத்தனையோ தரம் விளக்கினாள். அவள் சொன்ன சரியான காரணத்துக்காகவும் ஒரு நண்டுகூடத் திரும்பி வரவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் கழியை மேற்பார்க்கும் அலுவலகம் அவளிடம் ஓர் அறிக்கை கேட்டது. சுபத்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக எண்ணியதை முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். பாதித் தூக்கத்தில் எழுந்து எழுதினாள். மணல் அடைப்பு, சாக்கடை, லாரி எல்லாம் எழுதினாள். யாரும் சாப்பிடாத சின்ன நண்டுகளும் சேர்ந்தே போயிருக்கின்றன, எனவே பிடிப்பதால் குறைந்தது என்று சொல்ல முடியாது என்றும் எழுதினாள். பிறகு, கடைசிப் பக்கத்தில், ‘கையால் நண்டு பிடிப்போரின் நடமாட்டத்துக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம், அதை அறவே ஒதுக்கிவிட இந்த ஆய்வு போதாது’ என்றும் ஒரு வரி எழுதினாள்.

எதற்கு எழுதினாள்? எங்கள் படிப்பு அப்படி. இல்லையென்று நிரூபிக்காத ஒன்றை இல்லையென்று சொல்லக் கூடாது, சந்தேகத்தில் இருப்பதைச் சந்தேகம் என்றே குறிப்பிட வேண்டும் என்று பட்டம் வாங்கும் காலத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அந்த வரி இல்லாவிட்டால் அறிக்கை அரைகுறை என்று அவள் மனம் உறுத்தியிருக்கும். வேறு எந்தத் தொழில்காரரும் தன் சிநேகிதி மேல் இப்படி ஒரு பழியை நேர்மை என்ற பெயரில் போட்டிருக்க மாட்டார்.

லாரிக்கு முதலாளி இருக்கிறார். அடுக்குமாடிக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். மணலை அள்ள டெண்டர் விட வேண்டும். பறியை இடுப்பில் கட்டிய பெண்களைத் தடுக்க ஒரு கம்பிவேலியும் ஒரு பலகையும் போதும். அலுவலகம் அந்தக் கடைசிப் பக்கத்து வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. அலையாத்திக் காட்டின் நலன் கருதி உள்ளே இறங்குவதும் நண்டு பிடிப்பதும் தடை என்று பலகை வைத்தார்கள். காட்டின் நலன் கருதி லாரிகள் அந்தப் பக்கமாக வந்துகொண்டேதான் இருந்தன.

பலகை வைத்த வாரம் நாங்கள் போனபோது ரேணுகாம்பாள் வேலிக்கு வெளியே பறியைக் கட்டிக்கொண்டே நின்றாள்.

"நண்டு கொறஞ்சிபூட்ச்சாம், அதால எறங்கக் கூடாதாம். இன்னா டீச்சர் இது பேஜாரு? கொறஞ்சா நான்தானே பட்டினி கெடக்கிறேன், அவங்களுக்கு இன்னா?"

அறிக்கை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுபத்ரா கிட்டே போனாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கோக்கா. நண்டு திரும்பி வரட்டும். வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

சமாதானத்துக்குச் சொன்னதுதான். ரேணுகாம்பாள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே சுபத்ரா விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள், நானும் போனேன். அதிகாரி மரியாதையானவர், டீ வரவழைத்தார். அவள் பேசி முடிக்கும்வரை தலையாட்டினார்.

"மேடம், நாங்களா சொன்னோம்? உங்க ரிப்போர்ட்லதானே இருக்கு? சரி, ஒண்ணு பண்ணுவோம். ஒரு வருஷம் யாரையும் உள்ளே விட வேண்டாம். நீங்க மட்டும் கவுன்ட் பண்ணுங்க. பிடிக்கிறதை நிறுத்தியும் நண்டு வரலைன்னா அவங்க காரணம் இல்லன்னு ஆயிடும், தடையை எடுத்துடலாம். வந்துடுச்சுன்னா, தடை வேலை செய்யுதுன்னு அர்த்தம். சயின்டிஃபிக்கா போவோமே."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. படியிறங்கும்போதுதான் சுபத்ரா நின்றாள்.

"தபீதா, நான் அக்காகிட்ட தலைகீழா சொல்லிட்டேனே."

"போய் மாத்திச் சொல்லிடு."

"சொல்லணும்" என்றாள். சொல்லவில்லை. நண்டு வரக்கூடாதென்று வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு நண்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது? அதற்குள் ரேணுகாம்பாளும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் துப்புரவு வேலைக்குப் போய்விட்டாள். நாங்கள் போகும் ஞாயிறுகளில் அவளுக்கு டியூட்டி இருக்கும். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் பார்த்தோம். நீலச் சீருடை, காலில் கறுப்பு ஷூ. வெறுங்காலால் சேற்றைத் தடவியே நண்டு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்த கால் அது. ஷூ கடித்துக் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். "பதினாலாவது மாடியாண்ட நின்னுக்கினு பாத்தா நம்ம கயி தெரியுது டீச்சர்" என்றவள், பஸ் வருவதற்குள் அவசரமாக ஒன்றே ஒன்று கேட்டாள். "வந்துட்ச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"வரும், வரும்" என்று சுபத்ராவுக்கு அவள் ஆறுதல் சொல்லிவிட்டு ஏறிப்போனாள். சுபத்ரா அன்றைக்குத் தயிர்சாத டப்பாவைத் திறக்கவே இல்லை.

அந்த வருஷம் அவள் பட்ட பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தேன். சேற்றில் இறங்கி, சட்டத்தை வைத்து, அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் வராது. கரையேறி வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும், அந்த நிம்மதிக்காகவே வெட்கமும் இருக்கும். ஆயுசு முழுக்க நண்டுக்காகக் காத்திருந்தவள், மாடம்பாக்கம் சிவன் கோயிலில் போய், நண்டு வரக் கூடாது என்று அர்ச்சனை செய்தாள். நான் வாசலில் செருப்புக்குக் காவல். அர்ச்சகர் யார் பேருக்கு என்று கேட்டாராம். ரேணுகாம்பாள் என்றிருக்கிறாள். நட்சத்திரம் தெரியவில்லை. "அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று முடித்துவிட்டாராம். அவர் மேல் குற்றமில்லை, ஆனால் சுவாமி தன் இஷ்டத்துக்குத்தான் பார்த்தார்.

ஏனென்றால் மழை வந்தது. புயலோடு வந்த மழை, நாள் கணக்கில் விடவில்லை. முடிச்சூரில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. யக்ஞநாராயணன் முன்ஜாக்கிரதையாக நண்டு டப்பாக்களை எல்லாம் மாடியில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார். நடுமேட்டுக்குப்பம் பக்கம் சேர்ந்த தண்ணீர் கால்வாய் வழியாகக் கழிக்குள் பாய்ந்து முகத்துவாரத்து மணலை ஒரே அடியாக உடைத்துக்கொண்டு கடலுக்குப் போனது. கறுப்புச் சேற்றையும் வாரிக்கொண்டு போனது. கடல் திரும்ப உள்ளே வந்தது.

மழைக்குப் பிறகு சில மாதங்கள் மண் ஆறிக் கிடந்தது. பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் செமஸ்டர் தாள்களோடு போராடிக்கொண்டிருந்தபோது, சேற்றிலிருந்து சுபத்ரா கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடாமல் வா என்று சைகை. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

சேறு பழையபடி பழுப்பாக இருந்தது. நாற்றம் இல்லை. சட்டத்துக்குள்ளும் வெளியிலும், கண்ணுக்கு எட்டின மட்டும், சின்னச் சின்ன நண்டுகள் வளை வாசலில் நின்று அந்த ஒற்றைப் பெரிய கையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒரு கல்யாண வீட்டுக்கு வாங்க வாங்க என்று கூப்பிடுகிறமாதிரி அத்தனையும் ஒன்றாக ஆட்டின. பின்னால் வேருக்கிடையில் சிவப்புக் கொடுக்குக்காரர்கள் இலையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எவ்வளவு அழகா இருக்கு பாரு தபீதா" என்றாள் சுபத்ரா. கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கோவளத்தில் டீக்கடையில் நிறுத்தினேன். எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

"ஒண்ணும் வரலைன்னு எழுதிடு. யாரு வந்து பார்க்கப் போறா? உன்னைத் தவிர இந்த ஊர்ல நண்டை எண்ண எவளுக்கு வேலையில்லாம இருக்கு? ஒரு பொய் எழுதினா குடியா முழுகிடும்?"

"முழுகிடும்" என்றாள். "இல்லன்னு எழுதினா அது செத்த மண்ணுனு ஆயிடும். செத்த மண்ணை எதுக்கு வெச்சுக்கணும்னு லாரி லாரியா மண்ணடிச்சு மூடிடுவா. மேல நாலு டவர் வரும். அப்போ நண்டும் இல்ல, அக்காவுக்கு இடமும் இல்ல. இருக்குன்னு எழுதினாத்தான் கழியாவது மிஞ்சும்."

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் என் கோபம்.

"முதல்ல போய் அக்காகிட்ட சொல்லிட்டு அப்புறம் எழுதேன்."

"அவ முகத்தைப் பார்த்தா என்னால எழுத முடியாது தபீதா."

எழுதினாள். வெள்ளம் மணலை உடைத்ததால்தான் நண்டு வந்தது, தடையால் அல்ல, வருஷம் பூராவும் தடை இருந்தும் மழைக்கு முன் ஒன்றுகூட வரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினாள். இந்த முறை ‘இருக்கலாம்’ எதுவும் இல்லை. அதிகாரி படித்தாரா, கடைசியில் இருந்த வரைபடத்தின் மேலேறும் கோட்டை மட்டும் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. அவரே போன் செய்தார். "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம். உங்களாலதான் இது சாத்தியமாச்சு. தடையை நிரந்தரமாக்கிட்டோம்." சுபத்ரா நன்றி என்று சொல்லி வைத்தாள். வாய்ப் பழக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுமேட்டுக்குப்பத்துக்குப் போனோம். சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. யக்ஞநாராயணன் எதுவும் கேட்காமல் டப்பாவில் தயிர்சாதத்தை மூன்று பேருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்.

ரேணுகாம்பாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நண்டுக் கம்பியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துத் துரு. பக்கத்தில் புதுப் பறி, ஓலை இன்னும் பச்சை வாசனை போகவில்லை. எங்களைப் பார்த்ததும் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுபத்ராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வந்துட்ச்சில்ல டீச்சர்! வேலியாண்ட நின்னுக்கினு நானே பாத்தேன். ஊருபட்டது கீது! பெருசுங்ககூட வளை தோண்டி வச்சிகீது. நீ சொன்ன மாரியே வந்துட்ச்சு பாத்தியா? அந்த மாடி வேலைய நேத்தே வுட்டுட்டேன். அந்த ஷூவக் கயட்டி அந்த சூப்ரவைசர் முன்னாடி வச்சிட்டு, போடான்னு வந்துட்டேன். உள்ள வா, காபி போடறேன். அப்ப நாளைக்கு எறங்கலாம்ல?"

நான் சொல்லலாம் என்று பார்த்தேன், சுபத்ரா தலையை அசைத்து என்னை நிறுத்தினாள். தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"இறங்க முடியாதுக்கா. இனிமே எப்பவுமே விட மாட்டா. நண்டு வந்ததாலதான்."

ரேணுகாம்பாளுக்குப் புரியவில்லை. சுபத்ரா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அதிகாரி சொன்ன ஒரு வருஷக் கணக்கு, தான் மாற்றிச் சொல்லாமல் விட்டது, அறிக்கை, எல்லாம். கைகளை விடாமலே ரேணுகாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நண்டு வராம இருந்தா?"

"திறந்து விட்டிருப்பா."

"நண்டே இல்லாத கயியில எறங்குன்னு வுட்ருப்பாங்க."

"ஆமாக்கா."

"இப்ப கீது. அதால எறங்காத."

"ஆமா."

அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. மண்ணை வாரித் தூற்றினாலும் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அவள் தேய்த்து வைத்த கம்பியை எடுத்துப் பார்த்தாள். முனையைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு அதைச் சுபத்ராவிடம் நீட்டினாள்.

"இந்தா. உனக்கு மட்டும்தானே உள்ள போக வுடுவாங்க? சேத்துல மாட்டிக்கினா இத்த ஊணிக்கினு ஏறு. கத்தாத. இஸ்துவுட யாரும் வரமாட்டாங்க."

சுபத்ரா வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதுதான் உடைந்து அழுதாள். ரேணுகாம்பாள் அவளைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உள்ளே போய், சொன்னபடி காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று பேரும் குடித்தோம். தயிர்சாத டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

அவள் மறுபடி அந்த அடுக்குமாடிக்கே போய்க் கேட்டதாகவும், அந்த சூப்பர்வைசர் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டோம். கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு காசிமேட்டில் கட்டிக்கொடுத்த மகள் அஞ்சலி வீட்டோடு போய்விட்டாள்.

சுபத்ரா இந்த வருஷம் ஓய்வு பெற்றாள். கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். அலையாத்திக் காட்டைக் காப்பாற்றியவர் என்று யாரோ மேடையில் பேசினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வாளி இன்னும் கொல்லையில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு இன்னமும் போகிறோம். அவள் கம்பியை ஊன்றி ஊன்றி இறங்குகிறாள், ஊன்றி ஊன்றி ஏறுகிறாள். வழுக்கினால் இப்போதும் ‘அக்கா’ என்றுதான் வாயில் வருகிறது. நான் கரையில் குடையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நண்டுகள் நன்றாக இருக்கின்றன.